உங்கள் கதையை வேறொருவர் யூட்யூபில் வாசித்துக் காசு பார்க்கிறாரா? பதிவு இல்லாவிட்டாலும் சட்டம் உங்கள் பக்கம்தான்

வீட்டு வேலையெல்லாம் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கைபேசியிலேயே தட்டித் தட்டி, வாரம் ஒரு அத்தியாயமாக நாவல் எழுதிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒருநாள் அவருடைய வாசகி ஓர் இணைப்பை அனுப்பி, "அக்கா, இது உங்க கதைதானே?" என்று கேட்டிருக்கிறார். திறந்து பார்த்தால் முழு நாவலும் ஒலிநாவலாக யூட்யூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் விளம்பரம் வருகிறது. எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி, "காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களாம்மா?" இல்லை என்றார். "அப்போ ஒண்ணும் பண்ண முடியாதும்மா." அவரும் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் எழுதவே இல்லை.

அவருக்குச் சொல்லப்பட்ட பதில் தவறு. இதே பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு கதையை, கட்டுரையை, பாடலை, ஓவியத்தை, புகைப்படத்தை நீங்களே உருவாக்கிய நொடியிலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 வருடமும் அது இருக்கும். பதிவு செய்வது உங்கள் விருப்பம். பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதற்கட்ட ஆதாரமாக உதவும், அவ்வளவுதான். பதிவு இல்லாமலேயே வழக்குப் போடலாம் என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சஞ்சய் சோயா வழக்கில் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்கிறோம். கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட்டுக்கும் அதே சொல் புழங்குகிறது. இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் சில ஏஜென்ட்டுகள், "உங்க கதைக்குப் பேட்டன்ட் எடுத்துத் தர்றேன்" என்று ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். கதைக்குப் பேட்டன்ட் கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு செய்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண் வரும். அது சான்றிதழ் இல்லை. அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு பதிவு முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டைரி எண்ணுக்குப் பிறகு, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அப்புறம்தான் கோப்பையே திறப்பார்கள். அதில் குறை ஏதாவது இருந்தால் கடிதம் வரும். அந்தக் கடிதம் விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஏஜென்ட் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பதில் போகாத விண்ணப்பம் அப்படியே கிடந்து சாகும்.

அடிக்கடி வரும் குறை இரண்டு. இணையத்தில் ஏற்கெனவே போட்ட கதையை 'வெளியிடப்படாதது' என்று நிரப்பிவிடுவது ஒன்று. வலைப்பூவில் போட்டாலும் அது வெளியீடுதான், முதலில் வெளியான வருடத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். அட்டைப்படத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு, அதை வரைந்தவரின் சம்மதக் கடிதத்தை இணைக்காமல் விடுவது இன்னொன்று. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கதையின் தலைப்புக்கும், "இப்படி ஒரு கதை" என்ற கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது. எழுதிய எழுத்துக்குத்தான் உண்டு.

சரி, திருட்டு நடந்துவிட்டது. என்ன செய்வது?

எல்லோரும் செய்யும் முதல் தவறு, அந்தக் காணொளிக்குக் கீழே போய்த் திட்டி எழுதுவது. அடுத்த பத்து நிமிடத்தில் அவர் காணொளியை மறைத்துவிடுவார். வேறு பெயரில் வேறு சேனலில் மறுபடி ஏற்றுவார். உங்கள் கையில் ஆதாரம் ஒன்றும் இருக்காது. கோபத்தை ஒரு நாள் அடக்கிக்கொண்டு ஆதாரத்தைத் திரட்டுங்கள். சேனலின் முகவரி மட்டும் போதாது, ஒவ்வொரு காணொளியின் முகவரியும் தனித்தனியாக வேண்டும். தேதி, நேரம், பார்வை எண்ணிக்கை தெரியும்படி திரையைப் பதிவு செய்யுங்கள். உங்கள் மூலக் கோப்பைத் திறந்து ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள், அதில் இருக்கும் தேதிதான் உங்கள் சாட்சி. கைபேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே பிரிண்ட் போட்டு நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63-இன்படி அதோடு ஒரு சான்று இணைக்க வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பகுதியை நீங்களும், இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அதனால் ஆதாரம் எடுத்த கைபேசியை விற்கவும் வேண்டாம், ரீசெட் செய்யவும் வேண்டாம்.

அடுத்து யூட்யூபின் புகார்ப் படிவம். இலவசம், வக்கீல் தேவையில்லை, பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. புகாரில் நீங்கள் தரும் முழுப் பெயரும் தொடர்பு மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம். புனைபெயரில் எழுதும் பெண்கள் பலருக்கு, வீட்டிலும் வேலை இடத்திலும் தான் எழுதுவது தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. அப்படிப்பட்டவர்கள் தாங்களே நிரப்பாமல், எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு வேறொருவர் மூலம், முடிந்தால் ஒரு வக்கீல் மூலம் புகார் செய்யுங்கள். மின்னஞ்சலும் இதற்கென்று புதிதாகத் தொடங்கியதாக இருக்கட்டும். புகார் போன பிறகு, "மேடம், சேனல் போயிடும், வாபஸ் வாங்கிக்கோங்க" என்று கெஞ்சல் வரும், அடுத்து மிரட்டல் வரும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (யூட்யூப் தரும் மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனல் மூடப்படலாம் என்பதால் அவர்களுக்கு அந்தப் பதற்றம். கைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் மட்டும் பதில் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் "தெரியாம போட்டுட்டோம்" என்ற ஒரு வரிகூட பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

"இது திருட்டு இல்லை" என்று காணொளி போட்டவர் யூட்யூபிடம் எதிர்மனு போட்டுவிட்டால் நிலைமை மாறும். நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனதற்கான ஆதாரத்தை 10 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணொளி திரும்பி வந்துவிடும். இந்த மின்னஞ்சல் ஸ்பேமில் விழுந்து, பத்து நாளும் ஓடிப்போனவர்கள் உண்டு. தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நம் நாட்டுச் செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. பதிப்புரிமை விதிகள், 2013-இல் விதி 75. எழுத்து மூலம் புகார் போனால், அது சரியென்று பட்டால், 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை முடக்க வேண்டும் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் புகாரிலேயே, "வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டுவேன்" என்று நீங்கள் உறுதி எழுதித் தர வேண்டும். இந்த உறுதிமொழி இல்லாத புகாரைப் பல நிறுவனங்கள் குப்பையில் போடுகின்றன, காரணமும் சொல்வதில்லை. உறுதிமொழி கொடுத்துவிட்டு உத்தரவு வாங்காமல் விட்டால் 22-ஆம் நாள் அவர்கள் மறுபடி திறந்துகொள்ளலாம். 21 நாளில் இந்த நாட்டில் ஒரு சாதாரண மனுஷி தடை உத்தரவு வாங்கிவிடுவாள் என்று நினைத்து விதி எழுதியவர்களை என்ன சொல்வது? அதனால் வக்கீலை முதலில் பிடியுங்கள், வழக்கு மனு தயாராகட்டும், கடைசியாக விதி 75 நோட்டீஸை அனுப்புங்கள். வரிசை மாறினால் உங்கள் 21 நாள் வக்கீல் தேடுவதிலேயே போய்விடும்.

டெலிகிராமில் பி.டி.எஃப். சுற்றுவது தனித் தலைவலி. ஒரு சேனலை மூடினால் இரண்டு முளைக்கும். ஆனால் நடத்துகிறவர் யார் என்றே கண்டுபிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஓர் ஆசிரியரின் பாடங்களைத் திருடிப் பரப்பிய சேனல்களை நடத்தியவர்களின் விவரத்தைத் தரும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

இப்போது காவல் நிலையம். மூன்று பதில்களில் ஒன்று கட்டாயம் வரும். "பதிவு இருக்கா?" என்பார்கள். அதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். "இது சிவில் மேட்டர்" என்பார்கள். இல்லை. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63-இன்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் காவல் துறை நேரடியாக வழக்குப் பதியலாம், இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிட் ப்ரோ இன்டர்நேஷனல் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள், தாளைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். மூன்றாவது பதில், "சைபர் கிரைமுக்குப் போங்க." அங்கே போனால், பணம் போச்சா என்று கேட்டுவிட்டு, மறுபடி உள்ளூர் நிலையத்துக்கே அனுப்புவார்கள். இந்த அலைச்சலில் ஓய்ந்து போகாதீர்கள். மனுவைக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். ரசீது தரவில்லை என்றால், வழக்கும் பதியவில்லை என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)-இன்படி அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்தத் தபால் ரசீது அப்போது கட்டாயம் தேவைப்படும்.

திருடர்களைவிட ஒப்பந்தங்கள்தான் அதிகம் பறிக்கின்றன என்பது என் அனுபவம். "அனைத்து உரிமைகளும், உலகம் முழுக்க, நிரந்தரமாக" என்று ஒரு வரி எழுதியிருக்கும். 3,000 ரூபாயைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் மட்டும்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். ஒப்பந்தம் போட்டபோது இல்லாத, வணிகப் புழக்கத்தில் வராத ஒரு ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர உரிமை போகாது. இருபது வருடத்துக்கு முன் அச்சுக்குக் கொடுத்த பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, ஒலிநாவலும் எங்களுக்கே என்று யாராவது சொன்னால் அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். உரிமையையே விற்றுவிட்டாலும், எழுதியவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 57-இன்படி உங்களிடமே இருக்கும்.

புகைப்படக்காரர்கள் கவனிக்க: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை கேட்டவருக்குத்தான். கல்யாணப் படத்தை உங்கள் விளம்பரத்துக்குப் போட நினைத்தால், அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

வாசிப்புச் சேனல் நடத்துகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். பத்து நொடி வரை போடலாம் என்றொரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. "உரிமை எழுத்தாளருக்கே" என்று கீழே எழுதிவிட்டால் அனுமதி ஆகிவிடாது. உண்மையாகவே வாசிக்க ஆசை என்றால், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் நிறைய இருக்கின்றன. எழுத்தாளர் இறந்து 60 வருடம் தாண்டிய நூல்களும் இருக்கின்றன. 1964-இல் இறந்தவர் என்றால் 2024 டிசம்பர் 31-ஓடு உரிமை முடிந்தது. உயிரோடு இருப்பவரின் கதை என்றால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பலர் சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

வழக்குப் போட எதிராளி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62 அதற்காகவே இருக்கிறது. நஷ்டஈடு கேட்க மீறல் நடந்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் பெற 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் உரிமை தருகிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். வருமானச் சான்று கொண்டு வா என்று அங்கே யாராவது திருப்பி அனுப்பினால், அந்தச் சட்டத்தின் பிரிவு 12-இல் பெண்களுக்கு அது தேவையில்லை என்று சொல்லுங்கள். அப்படியும் வாங்க மறுத்தால், அந்த விண்ணப்பத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.