ஆளை இறக்கக் கூடாது: செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை வேலையில் சட்டம் என்ன சொல்கிறது, யாருக்கு என்ன கிடைக்கும்

எங்கள் குடியிருப்பின் செப்டிக் டேங்க் ஒருமுறை நிரம்பி, தரைத்தள வீட்டுக் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. லாரியை வரவழைத்தோம். குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டதும் கறுப்புத் தண்ணீர் சரசரவென்று ஏறியது. பத்து நிமிடத்தில் சத்தம் மாறிவிட்டது, குழாய் வெறும் காற்றை இழுக்க ஆரம்பித்தது. லாரிக்காரர் ஒரு மூங்கில் கழியை விட்டுக் குத்திப் பார்த்தார். "சார், மேல இருந்த தண்ணி வந்துடுச்சு. அடியில களிமண்ணு மாதிரி இறுகிக் கிடக்கு. ஒரு ஆளை இறக்கிக் கிளறிவிட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். அவனுக்குத் தனியா ஒரு ஆயிரம் குடுத்துடுங்க" என்றார். திரும்பிப் பார்த்தால், லாரிக்குப் பின்னால் ஒரு பையன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தொட்டிக்குள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் பிரஷர் பம்ப் வைத்துக் கரைத்து, இரண்டாவது நடையில்தான் காலியானது. செலவு கூடத்தான் ஆனது. அந்தப் பையனை இறக்கியிருந்தால் அவன் உயிருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எங்களில் பலர் யோசித்தார்கள். இறக்கச் சொல்லியிருந்தால் நாங்களும் சட்டப்படி குற்றவாளிகள் ஆகியிருப்போம் என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அந்தச் சட்டம் 2013-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களாகப் பணியமர்த்துவதைத் தடைசெய்து, அவர்களுக்கு மறுவாழ்வு தருவதற்கான சட்டம் அது. 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலர் கழிப்பறையில் மலம் அள்ளுவது பற்றிய சட்டம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதன் 7-ஆம் பிரிவு நேராக நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், நிறுவனமும் பாதாளச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஒருவரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 'எந்த நபரும்' என்பதில் வீட்டு உரிமையாளர், குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஓட்டல் முதலாளி, ஒப்பந்ததாரர் எல்லோரும் அடக்கம். பாதுகாப்புக் கருவிகளும் துப்புரவுச் சாதனங்களும் தராமல், பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடிக்காமல் கையால் செய்ய வைப்பதுதான் ஆபத்தான முறை.

மீறினால் தண்டனை 9-ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். பிணையில் விட முடியாத குற்றம் இது. தொழிலாளி தானாக இறங்கச் சம்மதித்தார், கூடுதல் பணம் வாங்கிக்கொண்டார் என்பதால் எல்லாம் இது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. யார் ஈடுபடுத்தினார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, கையுறையும் முகக்கவசமும் கொடுத்து இறக்கலாமா? துணி மாஸ்க், ரப்பர் செருப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வராது. சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புப் பொருட்கள் பட்டியலில் உள்ளன. பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்குவதே விதிவிலக்கான சில வேலைகளுக்குத்தான். புதிய குழாயைப் பழைய குழாயோடு இணைப்பது, அடியில் பொருத்திய நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது போன்ற, இயந்திரத்தால் முடியாத வேலைகள் அவை. பட்டியலில் இல்லாத வேறு வேலைக்கு இறக்கியே தீர வேண்டும் என்றால், உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். உள்ளே விஷவாயு இருக்கிறதா, ஆக்சிஜன் போதுமா என்று முதலில் சோதிக்க வேண்டும். தொழிலாளிக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்து, அதன் தவணையை வேலை தருபவரே கட்ட வேண்டும். வீட்டு வாசலில் ஒரு சாதாரண நாளில் இதெல்லாம் நடக்காது என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்பதற்குத் தொட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாடை இல்லை, இறங்கலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் சாவு காத்திருக்கிறது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தேங்கும். கசடைக் கிளறும்போது, அதற்குள் அடைபட்டிருந்தது ஒரே மூச்சில் வெளியே வரும். ஓரிரு மூச்சில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறேன் என்று இறங்கும் இரண்டாவது ஆளும் விழுகிறார், அப்புறம் மூன்றாவது ஆளும். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் மூன்று பேர், நான்கு பேர் என்று படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. எனவே யாராவது விழுந்துவிட்டால் மேலே இருப்பவர் எக்காரணத்தைக் கொண்டும் இறங்கக் கூடாது. உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள். சுவாசக் கருவியோடு இறங்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள்தான்.

இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி 33-ஆம் பிரிவு. அதிகம் பேசப்படாத பிரிவு அது. பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்ய உரிய நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சிகளின் கடமை என்கிறது. அதை நிதியுதவியும் ஊக்கமும் தந்து வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. அதாவது இயந்திரம் என்பது முடிந்தால் வாங்கலாம் என்று தள்ளிப்போடும் பொருள் இல்லை. தொழிலாளி அதைக் கேட்டுப் பெறலாம். "எங்க ஊர்ல அந்த வசதி இல்லைங்க" என்று ஓர் அதிகாரி சொன்னால், தன் கடமையைச் செய்யவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

வசதி வந்தும்விட்டது, அதுவும் நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தே. 2015-இல் கோழிக்கோட்டில் ஆள்நுழைகுழியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். கேரளத்தில் பொறியியல் படித்த சில இளைஞர்களை அது உலுக்கியது. அவர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இயந்திரம்தான் பாண்டிகூட். 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. மேலே ஒரு சட்டகம் நிற்கும், அதிலிருந்து கால்கள் விரியும் ஒரு ரோபோ குழிக்குள் இறங்கி, கையால் மண்ணையும் கல்லையும் துணியையும் வாரி எடுத்து வரும். கேமராவும் வாயு உணரிகளும் உண்டு. மேலே திரையைப் பார்த்து அதை இயக்குபவர், முன்பு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளியாகவே இருக்கலாம், அதற்கென்று பயிற்சி தருகிறார்கள். தமிழ்நாட்டில் அப்போது நகராட்சியாக இருந்த கும்பகோணத்தில் முதலிலேயே பயன்பாட்டுக்கு வந்தது.

செப்டிக் டேங்குக்கு வேறு கருவி வேண்டும். சென்னை ஐஐடியில் ஒரு மாணவர் முதுநிலை இறுதியாண்டுத் திட்டப்பணியாக, பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டலில் செய்த ஆய்விலிருந்து வந்தது ஹோமோசெப். எங்கள் லாரிக்காரர் மாட்டிக்கொண்ட அதே சிக்கலைத்தான் அவர்கள் கையில் எடுத்தார்கள். உறிஞ்சும் குழாய் தண்ணீரை எடுத்துவிடும், இறுகிய கசடு அசையாது. ஹோமோசெப்பின் தண்டு நுனியில் உள்ள கத்திகள் மடக்கிய குடை போல ஒடுங்கி, தொட்டியின் சின்ன வாய் வழியே உள்ளே போகும். போனதும் விரிந்து சுழன்று, கசடைக் கடைந்து கூழாக்கும். அதை அப்படியே பம்பில் இழுத்துவிடலாம். சோலினாஸ் என்ற புத்தொழில் நிறுவனமும், கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி அந்தோலன் அமைப்பும் இதில் கூட நின்றன. 2022-இல் முதல் இரண்டு இயந்திரங்கள் போய்ச் சேர்ந்த இடத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இதே வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு அவை போயின.

அடைப்பு எங்கே என்று தெரியாமல்தான் பல நேரம் ஆளை இறக்கிப் பார்க்கிறார்கள். அதற்காகக் குழாய்க்குள் கேமராவோடு ஊர்ந்து போகும் எண்டோபாட் என்ற ரோபோவையும் சோலினாஸ் செய்திருக்கிறது. எடுத்துவரும் படங்களைக் கணினி அலசி, வெடிப்பும் அடைப்பும் எந்த இடத்தில் என்று காட்டுகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்திடம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்ராடிங் வண்டி, கசடை உறிஞ்சி எடுக்கும் சூப்பர் சக்கர் போன்றவை ஏற்கெனவே உண்டு. தெருவில் பாதாளச் சாக்கடை வழிந்தால் 1916-க்குச் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு ஆளைக் கூப்பிட்டு மூடியைத் திறக்காதீர்கள். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

இனி இழப்பீடு. இது தெரியாததால் ஏமாந்துபோன குடும்பங்கள் ஏராளம். 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று, டாக்டர் பல்ராம் சிங் வழக்கில், அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 10 லட்சம், இனி சம்பாதிக்கவே முடியாத அளவுக்கு நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது 20 லட்சம். பழைய சாவு, இதுவரை இழப்பீடே தரவில்லை என்றால் அவர்களுக்கும் 30 லட்சம் என்கிறது தீர்ப்பு. பணத்தோடு முடிவதில்லை. பிள்ளைகளின் கல்விக்கும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை அல்லது தொழிற்பயிற்சிக்கும் வழிசெய்ய வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? ஒப்பந்ததாரர் மருத்துவமனை வாசலிலேயே இரண்டு, மூன்று லட்சத்தைக் கையில் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் தவறி விழுந்த விபத்து என்று பதிவானால் பின்னால் ஒவ்வொரு படியிலும் இழுபறிதான். இறந்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும், அதில் தனி நிவாரணமும் உண்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவர்தான். ஒரு கெடு முக்கியம்: 2013 சட்டத்தின்கீழ் குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். துக்கத்தில் மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், அதனால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உயிரோடு இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டம் இருக்கிறது. 2023-24 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 349.73 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கியது. முதல் வேலை உள்ளாட்சி நடத்தும் கணக்கெடுப்பில் பெயரைப் பதிவது. நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளி, தனியார் கழிவுநீர் லாரியில் போகிறவர் எல்லோரும் பதியலாம். பதிந்தால் பாதுகாப்புக் கவச உடை, பயிற்சி, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். இவற்றைவிடப் பெரியது இயந்திரம் வாங்கத் தரும் மானியம். தனி ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குழுவாகச் சேர்ந்தால் 18.75 லட்சம் வரை. குழிக்குள் இறங்கியவரே வண்டிக்குச் சொந்தக்காரர் ஆக முடியும் என்பதால், எனக்குத் தெரிந்த தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கடைசியாக வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது. செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, நிரம்புகிறதோ இல்லையோ, எடுத்துவிட வேண்டும். கசடு இறுகுவதே பத்துப் பதினைந்து ஆண்டு தொடாமல் விடுவதால்தான். இறுகாத கசடைச் சாதாரண லாரியே இழுத்துவிடும், யாரும் இறங்க வேண்டிய தேவையே வராது. நாப்கினையும் துணியையும் கழிவறையில் போடாமல் இருந்தால் குழாயும் அடைக்காது. மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடாதீர்கள், குழாய் உள்ளே போக வழி வேண்டும். லாரிக்கு 14420-இல் அழைக்கலாம். பேசும்போதே "ஆள் இறங்க மாட்டார், பிரஷர் பம்ப் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் இப்போது தொட்டி மூடியின்மேல் கடைசியாகக் கசடு எடுத்த தேதியை மஞ்சள் பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறோம். அதற்குக் கீழே, அடுத்து எடுக்க வேண்டிய மாதமும் இருக்கிறது.