பிளானை ஏற்றுவதற்கு முன் அடைப்பு எங்கே என்று பாருங்கள்

"நெட் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது, 100ஐ 300 ஆக்கிவிடலாமா?" வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஏற்றிவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஏற்றிய பிறகும் அதே வட்டம் திரையில் சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நெட் கம்பெனியின் கம்பிக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் நடுவே மோடம், ரௌட்டர், கேபிள், வைஃபை என்று பல இடங்கள் இருக்கின்றன. எங்கே அடைக்கிறது என்று தெரியாமல் பிளானை மட்டும் ஏற்றினால் பணம் போகும், வட்டம் போகாது.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிளானில் எழுதியிருக்கும் 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். கணினியில் ஒரு ஃபைலை இறக்கும்போது தெரியும் எண் பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக, 100 மெகாபிட் இணைப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்தான். டேட்டா பாக்கெட் எனும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொன்றோடும் முகவரி, சரிபார்ப்பு விவரம் என்று கொஞ்சம் கூடவே பயணிப்பதால் நடைமுறையில் 11, 12 வரும். "100க்குக் காசு கட்டுகிறேன், 11தான் வருகிறது" என்று சண்டைக்கு வருபவருக்கு உண்மையில் முழுதாகவே வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த எண் ஒன்று உண்டு: 94. பிளான் 200 அல்லது 300. ஸ்பீடு டெஸ்டில் காலையிலும் 94, இரவிலும் 94, சிலநேரம் 93. ஏற்ற இறக்கமே கிடையாது. இப்படி வந்தால் கம்பெனியைத் திட்ட வேண்டாம், கேபிளைப் பாருங்கள். ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும். முனையில் கிளிப் போடும்போது பழுப்பு நிறக் கம்பியோ நீலக் கம்பியோ சரியாக உட்காராமல் போனால், இரண்டு பக்கமும் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்யும், எரர் எதுவும் வராது. அந்த 100இல் பாக்கெட் செலவு போக மிஞ்சுவதுதான் 94. ஒரு வீட்டில் இரண்டு முறை பிளானை ஏற்றியிருந்தார்கள். முனையை வெட்டி, புது கிளிப் போட்டதும் 290ஐத் தாண்டியது. சில பழைய ரௌட்டர்களில் போர்ட்டே 100தான். அங்கே ரௌட்டரை மாற்றாமல் வேறு வழியில்லை.

அடுத்து வைஃபை. சிக்னல் கோடு முழுசாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். அந்தக் கோடு ரௌட்டரின் சத்தம் உங்கள் போனுக்குக் கேட்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. சுற்றிலும் எத்தனை பேர் அதே சானலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடி வீடென்றால் அந்த மூன்றை எத்தனை ரௌட்டர்கள் பங்கு போடும் என்று யோசித்துப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். டிவி ஸ்டாண்டுக்குள்ளும் அலமாரிக்குள்ளும் ரௌட்டரை ஒளித்து வைப்பதை விட்டாலே பாதிப் புகார் தீரும். இன்னொன்று, வைஃபை சிக்னலை வாங்கித் தள்ளியிருக்கும் அறைக்குத் திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் வகை என்றால் வேகம் பாதியாகும். முடிந்தால் ஒரு கேபிளை இழுத்து அதன் முனையில் இரண்டாவது அக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை கொடுக்கும் இன்னொரு பெட்டி, வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் "வீடியோ காலில் குரல் கட்டாகிறது, ஆனால் ஸ்பீடு டெஸ்டில் 100 வருகிறது" என்பவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அகலம் வேறு, தாமதம் வேறு. நொடிக்கு எவ்வளவு டேட்டா போகும் என்பது அகலம். ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்து பதில் வர எவ்வளவு நேரம் என்பது தாமதம், அதாவது பிங். ஒளி இழைக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 1000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய் வரக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். இதை எந்தப் பிளானாலும் குறைக்க முடியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் இணைப்பென்றால் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர வேண்டும், கேள்விக்குப் பதில் வருவதற்குள் அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

தூரத்தால் வரும் தாமதமாவது மாறாமல் இருக்கும். வரிசையால் வரும் தாமதம்தான் ஆளை அலைக்கழிக்கும். ஒரு சிறிய அலுவலகத்தில் மாலை ஆனால் எல்லாருடைய வீடியோ காலும் உறைந்துபோகும். பிங் ஓடவிட்டுப் பார்த்தேன். 18, 20, 19 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 400, 750, 900. ஒரு லேப்டாப் அன்றைக்கு எடுத்த போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்திருந்தது. இறக்கம் (டவுன்லோட்) 100 இருந்தாலும் அந்தப் பிளானில் ஏற்றம் (அப்லோட்) 10தான். குறுகிய தெருவில் லாரிகள் வரிசையாக நுழைந்துவிட்டால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்க வேண்டியதுதான். குரல் பாக்கெட் அந்தச் சைக்கிள். ஏற்றும் பாதை அடைத்தால் இறக்கமும் படுத்துவிடும், ஏனென்றால் "வந்து சேர்ந்தது" என்று சொல்லும் ரசீதுகள் அதே பாதையில்தான் போக வேண்டும். ரௌட்டரும் மோடமும் பாக்கெட்டைத் தொலைக்கக் கூடாது என்று அளவுக்கு மீறிச் சேர்த்து வைப்பதால் வரும் இந்த வினைக்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இதைத் துருவிப் பார்த்துப் பரவலாக எழுதினார். மருந்தும் உண்டு. ரௌட்டரில் ஸ்மார்ட் கியூ, எஸ்கியூஎம் என்ற பெயரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி, ஏற்றத்தையும் இறக்கத்தையும் அளந்து வந்த வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். வேகத்தைக் குறைத்தால் நெட் நன்றாகுமா என்று கேட்பார்கள். ஆகும். வரிசை கம்பெனியின் மோடத்தில் சேராமல் உங்கள் ரௌட்டரில் சேரும், அங்கே குரலை முன்னால் விட முடியும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: முதலில் ரௌட்டரின் முகவரிக்குப் பிங் அடியுங்கள் (கணினியின் கமாண்ட் விண்டோவில் ping என்று எழுதி, பக்கத்தில் முகவரியைத் தட்டினால் போதும்), பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அது ஒன்று முதல் ஐந்து மில்லிசெகண்டுக்குள் நிலையாக வர வேண்டும். அதுவே 100, 200 என்று குதித்தால் கோளாறு வைஃபையில். அது சரியாக இருந்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு அடிக்கும் பிங் மட்டும் குதித்தால் கோளாறு வெளியே. இரவில் மட்டும் குதிக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒளி இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் வகை ஃபைபரில் சுமார் 2.5 கிகாபிட்டை 32, 64 வீடுகள் பங்கு போடுவது சாதாரணம். அது நெரிசல் நேரத்தில் திணறினால் உங்கள் பிளானை ஏற்றி அதிகப் பயன் இல்லை. ரௌட்டரில் கேபிளை நேராகச் செருகி, காலையும் இரவும் எடுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டு பேசினால் கஸ்டமர் கேரில் "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்ற படியைத் தாண்டலாம். வைஃபையில் எடுத்த அளவை அவர்கள் மதிப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

சரி, எவ்வளவு வேகம்தான் வேண்டும்? நெட்ஃப்ளிக்ஸ் முழு எச்டிக்கு 5 மெகாபிட்டும் 4கேவுக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. வீடியோ காலுக்கு ஆளுக்கு இரண்டு முதல் நான்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒழுங்கான 50 போதும் என்பது என் கருத்து. கேம் ஃபைல்களை அடிக்கடி இறக்குபவர்கள் மட்டும் மறுக்கலாம்.

வேகம் தெரிந்தால் டேட்டா கணக்கும் கைக்கு வந்துவிடும். 1 மெகாபிட் ஒரு மணி நேரம் ஓடினால் 450 மெகாபைட். 5 மெகாபிட் படம் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. மொபைல் டேட்டா சீக்கிரம் தீர்வதற்குப் படங்களைவிடத் தெரியாமல் ஓடுபவைதான் காரணம்: தானாக இறங்கும் வாட்ஸ்அப் வீடியோக்கள், விரல் வைக்காமலே ஓடும் ரீல்ஸ், போட்டோ பேக்கப். போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்து லேப்டாப்பை இணைக்கும்போது இன்னும் மோசம். லேப்டாப்புக்கு அது ஏதோ ஒரு வைஃபை, அவ்வளவுதான். உடனே அப்டேட்டை இழுக்க ஆரம்பித்துவிடும். விண்டோஸில் அந்த இணைப்பை "மீட்டர்டு", அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிடுங்கள். ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் லோ டேட்டா மோட் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர். ஐபோன் காட்டும் மொபைல் டேட்டா எண்ணிக்கை நீங்களாக ரீசெட் செய்யும்வரை கூடிக்கொண்டே போகும். அதை இந்த மாதக் கணக்கு என்று நினைத்துப் பதறுபவர்கள் நிறைய.

வீட்டு இணைப்பில் பெரிய திருடன் கேமரா. 2 மெகாபிட்டில் இரவுபகலாக கிளவுடுக்கு அனுப்பும் ஒரே கேமரா நாளைக்கு 21.6 ஜிபி, 30 நாளில் 648 ஜிபி சாப்பிடும். பல பிளான்களில் ஏற்றமும் கணக்கில் சேரும். மாதத்துக்கு இவ்வளவு டேட்டாதான் முழு வேகத்தில் என்ற நியாயப் பயன்பாட்டு வரம்பைத் தாண்டியதும் வேகத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள். மாதக் கடைசியில் மட்டும் நெட் படுத்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், நான் கேபிளைத் தொடுவதற்கு முன் எத்தனை கேமரா என்றுதான் கேட்பேன். அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றி, மீதியை உள்ளே இருக்கும் மெமரி கார்டில் பதிய விட்டாலே போதும்.