சாண எரிவாயுவும் கார்பன் வரவும்: கலன் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சாணத்திலிருந்து எழும், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனைப் பிடித்து எரித்தால் கார்பன் வரவு (காற்றில் சேராமல் தடுத்த வாயுவுக்கு ஈடாகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) கிடைக்கும் என்று நம்பிச் சாண எரிவாயுக் கலன் கட்டி முடித்து, அதன் பிறகு விண்ணப்பித்து வெறுங்கையோடு திரும்பிய பண்ணையாளர்களைப் பார்த்திருக்கிறேன். விதியின் இரண்டு வரிகளை அவர்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

பருவநிலை மாற்றம் குறித்த கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் பிறந்த, வாயு வெளியேற்றத்தைக் குறைத்த திட்டங்களுக்கு வரவு வழங்கும் ஏற்பாடான தூய்மை வளர்ச்சிப் பொறிமுறை இதற்கென 'ஏ.எம்.எஸ். 3டி' என்ற கணக்கீட்டு முறையை வகுத்தது; தவிர்க்கப்பட்ட ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயு, ஒரு வரவு.

முதல் தடை நீங்கள் சாணம் தேக்கி வந்த பழைய குட்டையில் இருக்கிறது. கலன் வருவதற்கு முன் சாணம் காற்றுப் புகாத நிலையில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேங்கியிருக்க வேண்டும். குட்டையின் ஆழம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். சாணத்தை உலர்த்தியோ அன்றாடம் வயலில் பரப்பியோ வந்தவருக்கு, முன்பே மீத்தேன் குறைவு என்பதால் வரவு கிடைக்காது. நல்ல வழக்கம் உடையவரையே வெளியே நிறுத்தும் இவ்விதி எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அலுவலக மேசையில் வாதிட்டு அது மாறப்போவதில்லை. எனவே குட்டையை மூடுவதற்கு முன் ஆழத்தை அளந்து, தேதியுடன் படமெடுத்து வையுங்கள்.

இரண்டாவது தடை தேதி. அந்தப் பொறிமுறையில், வரவு கோரும் எண்ணத்தைத் திட்டம் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முன்னறிவிப்பாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. தொடக்கம் என்பது எரிவாயு வந்த நாள் அல்ல; கட்டுமானச் செலவுக்கு ஒப்பந்தம் செய்து உங்களைக் கட்டுப்படுத்திக்கொண்ட நாள்.

அதன் பிறகுதான் அலைச்சல். பதிவுக்குச் சென்றால் சரிபார்ப்பாளரின் அறிக்கையைக் கேட்பார்கள். சரிபார்ப்பாளர் அளவீட்டுப் பதிவேட்டைக் கேட்பார். பதிவேடு செல்லுபடியாக, அளவுமானி உரிய காலத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மாட்டுத் தலைக்கணக்கைக் காட்டி வரவு கோர முடியாது: கணக்குப்படி தவிர்த்த அளவு, உண்மையில் பிடித்து எரித்ததாக அளக்கப்பட்ட அளவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கே வரவு. மானி பழுதாகி நின்ற நாட்களை எந்த விளக்கக் கடிதமும் மீட்டுத் தராது.

இவற்றையெல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இடைத்தரகர் நீட்டும் தாளில் வரவின் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, சரிபார்ப்புச் செலவு எவர் பங்கிலிருந்து கழியும் என்ற மூன்றும் எழுத்தில் இல்லையெனில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் பாலை வாங்கும் நிறுவனம் அதே குறைப்பைத் தன் கணக்கில் ஏற்கெனவே காட்டியிருக்கிறதா என்றும் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரே டன்னை இருவர் உரிமை கோரினால் முதலில் நிறுத்தி வைக்கப்படுவது பண்ணையாளரின் பணம்தான்.