பீஸ் போச்சு: ஃபியூஸ் என்ற சொல்லின் கதை

கரண்ட் போனதும் முதலில் எட்டிப் பார்ப்பது எதிர்வீட்டைத்தான். அங்கே விளக்கு எரிந்தால், 'நம்ம வீட்டுலதான் பீஸ் போச்சு.' பில் கட்டாத வீட்டிலும் ஈபிக்காரர் பீசைப் பிடுங்கிவிட்டுப் போவார். பணம் கட்டாததற்குப் பிடுங்குவதால் இதுவும் பள்ளிக்கூடத்து ஃபீஸ் போல ஏதோ கட்டணம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் ஃபியூஸ் இரண்டு உண்டு. வெடியின் திரிக்குச் சொல்வது இத்தாலிய 'ஃபூசோ'விலிருந்து வந்தது, அதாவது நூல் நூற்கும் கதிர். மருந்து அடைத்த குழல் கதிரைப் போல இருந்ததால் அந்தப் பெயர். கரண்டு ஃபியூஸ் வேறு. அதன் வேர் லத்தீன் 'ஃபுண்டெரே', ஊற்றுவது, உருக்கி வார்ப்பது. திரி மாதிரி எரிவதால்தான் ஃபியூஸ் என்று சிலர் விளக்குவார்கள், அது தவறு.

எடிசன் 1880-ல் காப்புரிமை வாங்கியபோது கரண்டு ஃபியூஸுக்கு 'மின்விளக்குக்கான பாதுகாப்புக் கடத்தி' என்றுதான் பெயர் வைத்தார். அந்தக் காலத்து வீடுகளில் பருத்தி நூல் சுற்றிய கம்பியை மரச்சட்டத்துக்குள் ஓட்டினார்கள், இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால் கம்பி பழுத்து மரமே பற்றிக்கொள்ளும், அதனால் நடுவில் ஒரு துண்டு ஈயம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், செம்புக்கு 1,085 வேண்டும். செம்புக் கம்பி பழுக்கும் முன்பே ஈயம் அறுந்து கரண்டை நிறுத்திவிடும். இதைக் கட்-அவுட் என்றும் சொன்னார்கள் (நடிகருக்குப் பால் ஊற்றும் கட்-அவுட் இல்லை).

சரி, தமிழில்? பாடப்புத்தகத்தில் 'மின் உருகி', இலங்கையிலும் 'உருகி'. விசிறுவது விசிறி, உருகுவது உருகி. 'உருக்கி' என்று எழுதினால் பொருளே மாறிவிடும், அது வேறொன்றை உருக்குவது. இதுவோ தானே உருகி வீட்டைக் காப்பாற்றுகிறது. ஆங்கிலம் ஒரே எழுத்தில் போட்டுக் குழப்பியதை நாம் திரி, உருகி என்று சுத்தமாகப் பிரித்துவிட்டோம். ஒரே தொல்லை, 'உருகி' வினையெச்சமும்கூட. 'உருகி போனது' என்று எழுதினால் ஃபியூஸ் போனதா, ஆள் உருகிப் போனாரா? ஒரு ப்-பில் தொங்குகிறது விஷயம். அதனால் 'மின்னுருகி' என்று சேர்த்து எழுதுவதே எனக்குப் பிடிக்கும்.

இப்போது பல வீடுகளில் ஃபியூஸுக்குப் பதிலாக எம்சிபி வந்துவிட்டது, கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச். அதில் எதுவும் உருகுவதில்லை, சுவிட்ச் கீழே விழுகிறது, அவ்வளவுதான். அதற்குப்போய் மின்னுருகி என்று எழுதாதீர்கள். தானியங்கித் துண்டிப்பான் என்றால் சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் அது விழுந்தாலும் 'பீஸ் போச்சு'தான்.