ஸ்பிரின்டுக்கு (குறுந்தூர வேகப் போட்டிக்கு) எந்த சைக்கிள்? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கோவையில் சைக்கிள் பட்டறை நடத்திவரும் எனக்கு, பள்ளி விடுமுறை தொடங்கியதும் பெற்றோர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் இருநூறு மீட்டர் ரேஸுக்கு ரோட் பைக்தான் வேணும்ங்கறான். வீட்டுல இருக்கற கியர் சைக்கிள் பத்தாதுங்களா?" வீட்டில் இருப்பது பெரும்பாலும் முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் பருத்த டயரும் கொண்ட மவுண்டன் பைக்காக இருக்கும். வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் கொண்ட ரோட் பைக்தான் வேகமானது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் எந்த வேகத்துக்கு மேல் அது முந்துகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் பெற்றோர் அவசரப்பட்டுச் செலவு செய்துவிடுவார்கள். அதைவிடக் கவலைக்குரியது, தேய்ந்த செயின் பூட்டிய சைக்கிளில் ஒரு பிள்ளை தன் முழு பலத்தையும் போட்டு மிதிக்கப்போகிறது என்ற விஷயம் பேச்சிலேயே வராமல் போவதுதான்.

முதலில், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ஓட்டத்தையும் ஏற்கெனவே உருண்டுகொண்டிருக்கும்போது வேகம் கூட்டுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் 200 மீட்டரை 9.088 வினாடிகளில் கடந்தார். மணிக்கு 79 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் அது. ஆனால் அந்த 200 மீட்டர் அளக்கப்படும்போது அவர் சாய்தளப் பாதையில் சுற்றி வந்து முன்பே வேகம் பிடித்திருந்தார். நம் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் விசிலுக்குக் காத்து நின்று கிளம்புகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சைக்கிளை ஒரே காரணத்துக்காகச் சொல்ல முடியாது.

நின்று கிளம்பும் ஓட்டத்தில் முதல் முப்பது, நாற்பது மீட்டர் வரை மவுண்டன் பைக் பலர் நினைப்பதுபோலப் பின்தங்குவதில்லை. அகன்ற ஹேண்டில்பார் இழுத்துப் பிடிக்க வசதியானது. சிறிய கியரில் காலுக்குப் பாரமும் குறைவு. மாறாக, ரோட் பைக் ஓட்டும் பிள்ளை முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் மிகச் சிறியதிலும் செயினை விட்டுவிட்டு நின்றால், விசில் ஊதியபின் நாலைந்து மிதி வரை சைக்கிள் நகரவே தயங்கும். எடையும் கணக்கில் வரும்: தொடக்க நிலை ரோட் பைக் 10 கிலோ அளவில் இருக்கும், ஷாக் வைத்த இரும்பு மவுண்டன் பைக் 16 கிலோவைத் தொடும். 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது மொத்தப் பாரத்தில் ஒன்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான கூடுதல். இருக்கிறதுதான், ஆனால் தோற்கடிக்கும் அளவுக்கு இல்லை.

உண்மையில் தோற்கடிப்பது முன் ஷாக். இதைப் பெற்றோருக்கு வாயால் விளக்குவதை நான் விட்டுவிட்டேன். ஷாக்கின் பளபளப்பான உள்குழாயில், ரப்பர் சீலை ஒட்டி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டேக்கை இழுத்துக் கட்டி, அதிகப்படி நுனியை வெட்டிவிடுவேன். பிறகு பிள்ளையை எழுந்து நின்று இருபது மீட்டர் மிதித்துவரச் சொல்வேன். மேடு பள்ளமே இல்லாத சிமெண்ட் தரையில் திரும்பி வரும்போது அந்த டேக் சீலிலிருந்து மூன்று விரற்கடை மேலே ஏறி நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பார் அமுங்கி எழுந்திருக்கிறது. பின்சக்கரத்துக்குப் போக வேண்டிய உழைப்பில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்கவே போயிருக்கிறது. ஷாக்கின் மேல் மூடியில் பூட்டும் திருகு இருந்தால் அதைத் திருப்பிப் பூட்டினால் போதும். மவுண்டன் பைக் பந்தய வீரர்களே தார்ச்சாலையில் வேகம் கூட்டும்போது ஷாக்கைப் பூட்டிக்கொள்கிறார்கள். விலை குறைந்த பல சைக்கிள்களில் இந்த வசதி கிடையாது. அப்படியானால் எழுந்து நின்று மிதிப்பதைக் குறைத்து, உட்கார்ந்தபடி வேகமாகச் சுழற்றப் பழக்குவதே வழி.

வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் இரண்டு சைக்கிள்களும் நன்றாகப் பிரிகின்றன. அதற்கு முதற்காரணம் கியர். பரவலாக விற்கும் 21 கியர் மவுண்டன் பைக்கில் முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்பதே மிகப் பெரிய கியர். 26 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் 6.15 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 37 கிலோமீட்டர். கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதற்குமேல் இன்னும் வேகமாகச் சுழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ரோட் பைக்கில் 50-க்கு 11 என்ற கியரில் அதே ஒரு சுற்று 9.7 மீட்டர் போகும். அதே 100 சுற்றில் 58 கிலோமீட்டர்.

அடுத்த காரணம் காற்று. வேகம் கூடக் கூடக் காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயரும். 30-லிருந்து 40-க்குப் போகக் காற்றுக்கு மட்டுமே 2.4 மடங்கு செலவாகும். வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முதுகைத் தாழ்த்தும் ரோட் பைக் அந்த இடத்தில்தான் தன் விலைக்கு வேலை செய்கிறது. டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மண்ணுக்கான கட்டை டயரைக் கழற்றி, அதே ரிம்முக்குப் பொருந்தும் 1.5 அங்குல வழவழப்பான டயரைப் போட்டு, அதன் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்குள் காற்றுப் பிடித்தால் மவுண்டன் பைக்கில் கண்கூடான முன்னேற்றம் தெரியும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் வேறு. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவன், மோவாயில் தையலோடு, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வேறொரு கடையில், பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான பழைய ஃப்ரீவீலை அப்படியே விட்டுவிட்டுப் புதுச் செயின் மட்டும் மாட்டியிருந்தார்கள். அவன் எப்போதும் மிதித்த 14 பல் சக்கரத்தின் பல் நுனிகள் சுறாப் பல்போலக் கூர்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தன. சாதாரணமாக ஓட்டும்போது எதுவும் தெரியவில்லை. மைதானத்தில் எழுந்து நின்று முழு எடையையும் வலது பெடலில் போட்ட கணத்தில் செயின் பல்லைத் தாவியிருக்கிறது. பிடிமானம் இல்லாமல் கால் கீழே போக, முகம் ஹேண்டிலில் மோதியிருக்கிறது. அவனுக்குச் சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க எனக்கு இன்றும் பதைக்கிறது.

இதைத் தடுக்க ஓர் அடி ஸ்கேல் போதும். புதுச் செயினில், கண்ணிகளை இணைக்கும் ஆணிகளில் (பின்) ஒன்றின் நடுவில் சுழியத்தை வைத்தால், 12-வது அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரோட் பைக் வாங்கிக் கொடுப்பவர்கள் பிரேக்கைப் பார்க்க வேண்டும். சிறிய கைகள் வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும்போது விரல்கள் லீவரை எட்டுவதே இல்லை. வாங்கும் நாளிலேயே பிள்ளையைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்து, லீவரை உள்ளே கொண்டுவரும் திருகைச் சரிசெய்து வாங்குங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும், நிற்க இன்னும் அதே அளவாவது வேண்டும். சாலையோர மணலும் வண்ணம் பூசாத வேகத்தடையும் 28 மில்லிமீட்டர் டயருக்கு மன்னிப்புத் தருவதில்லை. ஆகவே எந்த சைக்கிளானாலும் ஸ்பிரின்ட் பயிற்சியைப் போக்குவரத்து இல்லாத மூடிய இடத்தில், முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஐம்பது மீட்டர் வெற்றிடம் விட்டு, ஹெல்மெட்டோடு மட்டுமே அனுமதியுங்கள்.

தையல் போட்ட அந்த மாணவனின் சைக்கிளுக்குச் செயின், ஃப்ரீவீல், வழவழப்பு டயர் மூன்றையும் மாற்றி, ஷாக்கைப் பூட்டிக் கொடுத்தேன். ரோட் பைக் வைத்திருக்கும் நண்பனோடு இப்போது பாதித் தூரம் வரை சமமாக ஓடுகிறான். கடைசி அறுபது மீட்டரில் கால்கள் படபடவென்று சுற்றியும் சைக்கிள் அதற்குமேல் போக மறுக்கிறது. அவனுடைய அப்பா இந்தச் சனிக்கிழமை வருகிறார். பையனுடைய கால் உயரத்தையும் கை நீளத்தையும் அளந்து, அவனுக்குப் பொருந்தும் ஃப்ரேமில் பழைய ரோட் பைக் ஒன்று தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.