"உனக்கு இப்படி நடந்தால்?" என்று கேட்டால் போதுமா?

ஒரு மாணவன் ஒரு மாணவியைக் கேலி செய்துவிட்டால், அவள் வலியை அவன் உணரட்டும் என்று, "உனக்கு இப்படி நடந்தால் எப்படி இருக்கும்?" என்றுதான் ஆசிரியர்களான நம்மில் பலர் கேட்கிறோம். "எனக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர், சிரிச்சிட்டுப் போயிடுவேன்" என்று பதில் வரும். அவன் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது அவனைப் பற்றி. அவனும் தன்னைப் பற்றியே சொன்னான்.

உளவியலாளர் டேனியல் பேட்சன் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிறரைப் பற்றி எண்ணுவதற்கும் தன்னைப் பற்றி எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. துன்பப்படுபவர் என்ன உணர்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பரிவு வந்தது. அந்த இடத்தில் தாமே இருப்பதாக எண்ணியவர்களுக்குப் பரிவோடு சொந்தப் பதற்றமும் சேர்ந்துகொண்டது. பதற்றம் மிகுந்தால், உதவுவதைவிட நழுவிக்கொள்ளவே மனம் தேடும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "அவளுக்கு இப்போது எப்படி இருக்கும்? எதை வைத்துச் சொல்கிறாய்?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். குனிந்த தலை, தணிந்த குரல் என்று பிள்ளை கவனிக்கத் தொடங்குவது அதனால்தான். பிறகு, அவளுக்குச் சம்மதமென்றால், ஊகம் சரியா என்று அவளிடமே தனியாகக் கேட்கட்டும். பெரும்பாலும் கொஞ்சம் தவறாக இருக்கும். அதைத் திருத்திக்கொள்வதுதான் பாடம்.

இதற்குச் சொற்களும் வேண்டும். ஏமாற்றம், அவமானம், பொறாமை, பயம் எல்லாவற்றையும் பிள்ளைகள் "கோபம்" என்றே சொல்லிவிடுவார்கள். வாரம் இரண்டு சொல் போதும், கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம், இருவர் இருவராகப் பேசவிடலாம். ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல், அறிவுரை சொல்லாமல் கேட்டு, புரிந்ததை மூன்று வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் திருத்துவார். பிறகு இடம் மாறலாம். முதல் மாதம் பொருள் தொலைந்தது, காத்திருந்தது போன்ற லேசான விஷயங்களே போதும். "எனக்கும் ஒருமுறை..." என்று கேட்பவர் தொடங்கிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். திட்டாமல், "அவர் சொன்னதற்குத் திரும்பி வா" என்றால் போதும்.

உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறை இதைவிட வலுவானது. ஐந்தாறு பேர் குழுவில் ஆளுக்கொரு பாடப் பகுதி. அதை அவரேதான் மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளையின் பகுதியும் எல்லோருக்கும் தேவை என்பதால், பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் முதலில் ஒன்றுகூடித் தயாராகும் கட்டத்தை, நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். தயாராகாத பிள்ளை குழுவின் முன் தடுமாறி, முன்பைவிட அதிகமாக ஒதுக்கப்படும்.

பார்வையற்றவர் நிலையை உணரவைக்க, கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து நிமிடத்தில் தெரிவது திடீர் இருட்டின் பயம்தான். பார்வையற்றவர் பழகித் தேர்ந்த திறன் அதில் தெரியாது. மிஞ்சுவது இரக்கப் பார்வை.

பேச்சுப் பயிற்சிக்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம். யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால், அதை ரகசியமாக வைத்திருக்க ஆசிரியரால் முடியாது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் சொல்லியே தீர வேண்டும்.