ஆட்டிட்யூட்: மனப்பான்மையா, தோரணையா?

"அவனுக்கு ரொம்ப ஆட்டிட்யூட்" என்றால் அதை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. திமிர், அலட்சியம், முகம் கொடுத்துப் பேசாத குணம் எல்லாம் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இது நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவான சொல். திமிர் என்ற பொருள் அங்கே பேச்சுவழக்கில் உண்டு. நம் பேச்சில் அதுதான் அதிகம் புழங்குகிறது.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'ஆப்டுஸ்' என்றால் பொருத்தமானது. அதிலிருந்து பிறந்த சொல் இத்தாலி மொழியில் 'அத்திதூதினே' ஆனது, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. (தேர்வுகளில் வரும் 'ஆப்டிட்யூட்' இதன் உடன்பிறப்பு.) ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை. ஓவியத்திலோ சிற்பத்திலோ ஓர் உருவம் நிற்கிற, சாய்ந்திருக்கிற நிலைக்குத்தான் அந்தப் பெயர். உள்ளத்தின் நிலை என்ற பொருள் பிற்பாடு ஏறியது. செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறியாளர்கள் இன்றும் 'ஆட்டிட்யூட்' என்றே சொல்கிறார்கள். பழைய பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது.

தமிழில் இதற்கு மனப்பான்மை, மனப்பாங்கு, மனோபாவம் என்று எழுதுகிறோம். ஒருவர் உள்ளுக்குள் எப்படி எண்ணுகிறார் என்பதைச் சொல்ல இவை போதும். ஆனால் ஒருவரால் ஒரு கூட்டமே களையிழக்கிறது என்று எழுதும்போது 'மனப்பான்மை' எனக்குப் போதவில்லை. அவருடைய மனசுக்குள் இருப்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு கலந்துரையாடலை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் தன் யோசனையை ஆர்வமாகச் சொல்கிறார். எதிரே இருப்பவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்கிறார், கையைக் கட்டிக்கொள்கிறார், மெல்ல ஒரு பெருமூச்சு விடுகிறார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் இறங்குகிறது, பாதியைத் தாண்டி அவசரமாக முடிக்கிறார். அடுத்துப் பேச இருந்தவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார். அங்கே வேலை செய்தது உடம்பும் முகமும்தான்.

இதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: தோரணை. உட்காரும் விதம், பார்க்கும் பார்வை, பேசும் தொனி எல்லாம் அதில் அடக்கம். 'ஆட்டிட்யூட் காட்டுகிறான்' என்று நாம் 'காட்டு' என்ற வினையைச் சேர்ப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பது மனப்பான்மை, வெளியே தெரிவது தோரணை. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்று தனி இயலாகவே வைத்திருக்கிறது. விருந்தினர் வாடிப்போக நம் முகம் சற்றுத் திரிந்தாலே போதும் என்பது 90ஆவது குறள்.

ஒருவரின் உணர்வு இப்படி மற்றவர்களுக்குப் பரவுவதை உளவியலில் உணர்வுத் தொற்று என்கிறார்கள். 2002இல் சிகால் பார்சேட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து வெளியிட்டார். ஊக்கத்தொகையைப் பங்கிடுவது பற்றிப் பேசும் குழுக்களில், நடிக்கப் பழகிய ஒருவரை மற்றவர்களுக்குத் தெரியாமல் சேர்த்தார். அவர் ஒரு குழுவில் உற்சாகமாக இருப்பார், இன்னொன்றில் எரிந்து விழுவார், வேறொன்றில் சோர்ந்து கிடப்பார். அவருடைய உணர்வு குழுவுக்குப் பரவியது. நல்ல உணர்வு பரவிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, சச்சரவு குறைந்தது. இத்தனைக்கும் அந்த நபரின் உண்மையான மனப்பான்மை எங்குமே வெளிப்படவில்லை. குழுக்கள் பிடித்துக்கொண்டது வெறும் தோரணையை.

'தொற்று' என்ற சொல்லும் சரியாகவே விழுந்திருக்கிறது. நோய் தொற்றும், ஓடும் வண்டியில் ஆள் தொற்றிக்கொள்வார், ஒருவர் சிரிப்பு இன்னொருவரைத் தொற்றிக்கொள்ளும். ஆகவே ஒருவரின் எண்ணப்போக்கை எழுதும்போது மனப்பான்மை, அது கூட்டத்தின் மேல் செய்யும் வேலையை எழுதும்போது தோரணை என்று நான் பிரித்து எழுதுகிறேன். திமிரைத்தான் சொல்ல வருகிறோம் என்றால், 'திமிர்' என்றே எழுதிவிடலாம்.